கணக்கை மூடப் போய் 7,627 ரூபாய் விட்ட கதை: ஆட்டோ டெபிட் வச்சிருக்கறவங்க படிங்க

பேங்க்ல இருந்து வந்து இன்னும் சட்டைகூட மாத்தல. உடம்பெல்லாம் எரியுது. ஆறிட்டா "போனாப் போகுது"ன்னு விட்டுடுவேன், என் குணம் அது. அதனால சூட்டோட சூடா எழுதறேன். ஆட்டோ டெபிட் (டியூ, தவணையெல்லாம் தேதி வந்தா தானா பிடிச்சுக்கற ஏற்பாடு) ஓடற கணக்க மூடப் போறவங்க இதப் படிச்சுட்டுப் போங்க. என்னென்ன பண்ணணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பேங்க் பேரு சொல்லல. ஒரு தனியார் பேங்க், திருப்பூர்ல இருக்கற கிளை, அவ்வளவு போதும். வண்டி, டி.வி., ஃபிரிட்ஜுக்கெல்லாம் தவணை குடுக்கற ஃபைனான்ஸ் கம்பெனி ஒண்ணும் இதுல வருது. அதுக்கும் பேரு வேண்டாம்.

ஆறு வருஷம் முந்தி நான் வேலை பாத்த பனியன் கம்பெனியில சம்பளத்துக்காக ஆரம்பிச்சுக் குடுத்த கணக்கு இது. இந்த ஜனவரியில வேற கம்பெனிக்கு மாறிட்டேன், அங்க வேற பேங்க். பழைய கணக்குல மூணு மாசம் சம்பளம் வரலன்னதும், இனிமே இது சாதாரண சேமிப்புக் கணக்கு, மாசச் சராசரி 10,000 ரூபாய் இருக்கணும்னு மெசேஜ் அனுப்பிட்டாங்க. பத்தாயிரத்தச் சும்மா தூங்கப் போட நான் எங்க போறது? மூடிடலாம்னு ஏப்ரல் 21 அன்னிக்குப் பாஸ்புக், செக்புக், ஏ.டி.எம். கார்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

அந்தக் கணக்குல ரெண்டு ஆட்டோ டெபிட் ஓடிக்கிட்டிருந்துச்சு. வண்டி டியூ 4,270, மாசாமாசம் 5-ம் தேதி. மியூச்சுவல் ஃபண்ட்ல மாசாமாசம் போடற எஸ்.ஐ.பி. 1,000, அது 10-ம் தேதி. இப்படிப் பிடிச்சுக்கச் சொல்லி நாம குடுக்கற அனுமதிக்குத்தான் மேண்டேட்னு பேரு. இத நான் மறக்கல. உக்காந்ததும் முதல்ல கேட்டதே அதத்தான்.

எதிர்ல இருந்தது சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவிநாசிப் பக்கமாம், பேச்சுலயே நம்ம பக்கம்னு தெரிஞ்சுது. வெயில்ல வந்திருக்கீங்களேன்னு அவனே எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து குடுத்தான். அந்தத் தண்ணியிலதான் நான் கவுந்தேன்.

"தம்பி, வண்டி டியூவும் எஸ்.ஐ.பி.யும் இதுலதான் போகுது. அத என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்ணா. அக்கவுண்ட் க்ளோஸ் ஆனா மேண்டேட்டும் தானா கேன்சல் ஆயிரும். புது அக்கவுண்ட் நம்பர் ஃபாரத்துல எழுதியிருக்கீங்கல்ல, அங்க மாறிக்கும்."

"தானா மாறிக்குமா?"

"மாறிக்குங்ணா. பேலன்ஸ மட்டும் எடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. ஒரு மாசத்துக்கு அப்பப்ப மெசேஜ் வரும், சிஸ்டம் மெசேஜ். கண்டுக்காதீங்க."

இருந்த 8,412 ரூபாயப் புதுக் கணக்குக்கு மாத்தினேன். அவன் என் கார்டக் கத்தரிக்கோல்ல ரெண்டா வெட்டிக் குப்பையில போட்டான். அதப் பாத்ததும் கணக்கே மூடின மாதிரி ஒரு நிம்மதி. ஃபாரம் வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் போட்ட நகல் கேட்டிருக்கணும். கேக்கல. தண்ணி குடுத்த பையன்கிட்ட அத்தாட்சி கேக்கறதான்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தோட விலை 7,627 ரூபாய்.

மே மாசம் மெசேஜ் வந்துச்சு. எல்லாம் இங்கிலீஷ்ல, பாதிக்குமேல சுருக்கெழுத்து. கண்டுக்காதீங்கன்னு சொல்லியிருக்கான்ல, கண்டுக்கல. ஃபைனான்ஸ் கம்பெனி நம்பர்ல இருந்தும் போன் வந்துச்சு. மாசத்துல பாதி நாள் "டாப்-அப் லோன் வேணுமா சார்"னு கூப்பிடற நம்பர் அது, எப்பவோ பிளாக் பண்ணி வச்சிருந்தேன். புதுக் கணக்குல 4,270 குறையாம நிக்குதே, அதக் கவனிக்க வேண்டாமான்னு கேப்பீங்க. தங்கச்சி வீட்டுக் காதுகுத்து அந்த மாசம்தான். பணம் வந்தது தெரியும், போனது தெரியாது. என் தப்பு அது, ஒத்துக்கறேன்.

ஜூன் 16. நான் வேலையில இருக்கேன். வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி, "உங்க பையன் ரெண்டு டியூ கட்டலீங்கம்மா, எங்க அவரு?"ன்னு ஒருத்தன் எங்கம்மாகிட்டக் கேட்டிருக்கான். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோட நின்னு கேட்டுக்கிட்டிருக்காங்க. டியூ திரும்பினா செக் திரும்பின மாதிரிதான், கேஸ் போடலாம்னு வேற மிரட்டியிருக்கான். அந்த மிரட்டல்ல ஒரு பாதி நெசம்தான். கணக்குல பணம் இல்லாம ஆட்டோ டெபிட் திரும்பினா, 2007-ல வந்த பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம் 25-ம் பிரிவுல வழக்குப் போட வழி இருக்கு. ஆனா அத எழுபது வயசுப் பொம்பளைகிட்டச் சொல்லணுமா? எங்கம்மா எனக்குப் போன் பண்ணி, "கண்ணு, கடன் ஏதாவது வச்சிருக்கியா?"ன்னு கேட்டாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல நிக்குது.

அன்னிக்கே போய் ரெண்டு டியூவும் 8,540 கட்டினேன். அது என் கடன், கட்டித்தான் ஆகணும். அதுக்கு மேல டெபிட் திரும்பினதுக்கு ஒரு தடவைக்கு 590 வீதம் நாலு தடவை, 2,360. தாமதத்துக்கு அபராதம் 311. ஆக 2,671. ரெண்டு மாசத்துல எப்படி நாலு தடவைன்னு கேட்டேன். 5-ம் தேதி திரும்பினா 12-ம் தேதி மறுபடி போடுவாங்களாம். மறுபடி திரும்பினா மறுபடி 590.

மறுநாள் பேங்குக்குப் போனா, கணக்கு மூடவே இல்ல. நான் குடுத்த ஃபாரத்த ஏப்ரல் 24 அன்னிக்கே தள்ளுபடி பண்ணியிருக்காங்க. காரணம்: மேண்டேட் நடப்பில் உள்ளது. அதாவது தானா கேன்சல் ஆயிரும்னு அந்தப் பையன் எதச் சொன்னானோ, அதையே காரணம் காட்டி அவங்க சிஸ்டம் என் ஃபாரத்தத் திருப்பிருக்கு. எனக்குச் சொல்லலையான்னா, சொன்னாங்களாம், மெயில்ல. எந்த மெயில்? பழைய கம்பெனி குடுத்த மெயில். ஜனவரியில வேலைய விட்டப்பவே அது செத்துப்போச்சு.

மூடாத கணக்குல பேலன்ஸ் சைபர். ரெண்டு மாசத்துல டியூ நாலு தடவை, எஸ்.ஐ.பி. ரெண்டு தடவை, ஆக ஆறு தடவை திரும்பிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் 500, ஜி.எஸ்.டி. 90. மொத்தம் 3,540. மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு மாசம் 708, ரெண்டு மாசம் 1,416. ஆக பேங்குக்கு 4,956. ஃபைனான்ஸுக்கு 2,671. கூட்டிப் பாருங்க, 7,627. மியூச்சுவல் ஃபண்டுக்காரன் ஒருத்தன்தான் ஒரு பைசா பிடிக்கல. ஆயிரம் ரூபா எஸ்.ஐ.பி. திரும்பினதுக்கு பேங்க் மட்டும் 590 எடுத்துக்குது.

அந்தப் பையன் எங்கன்னு கேட்டேன். பொள்ளாச்சிக்கு மாத்திட்டாங்களாம். அவன் இடத்துல இருந்த அம்மா, "யார் சார் அப்படிச் சொன்னது? எழுத்துல இருக்கா?"ன்னாங்க. மேனேஜர் லீவு. ஜூன் 22 மறுபடி போனேன், மேனேஜர் இருந்தார். "மேண்டேட் குடுத்தது நீங்க, கேன்சல் பண்ண வேண்டியதும் நீங்கதான் சார். ஃபைனான்ஸ்ல கேளுங்க." ஃபைனான்ஸ்ல கேட்டா, "கணக்குல பணம் இல்லீன்னு உங்க பேங்க்தான் சொல்லுச்சு, அங்க கேளுங்க." டோல்ஃப்ரீல நாப்பது நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கடைசியா எடுத்த பொண்ணு, "உங்க கார்டு நம்பர் சொல்லுங்க சார்"னு கேட்டுச்சு. கார்டுதான் ரெண்டு துண்டா அவங்க குப்பைத்தொட்டியில கிடக்குதே!

அப்புறம்தான் இது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆட்டோ டெபிட்டுக்குப் பழைய ஈ.சி.எஸ். முறை போய் இப்ப இருக்கறது நேச் (NACH). நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நடுவுல நின்னு நடத்துது. நாம குடுக்கற மேண்டேட்டுக்கு இருபது எழுத்து-எண்ல ஒரு நம்பர் உண்டு, யு.எம்.ஆர்.என்.னு பேரு. அது குறிப்பிட்ட பேங்க்ல குறிப்பிட்ட கணக்கோட கட்டிப்போட்டது. நீங்க வேற பேங்குக்குப் போனா அது பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி வராது. புதுக் கணக்குக்குப் புது மேண்டேட்தான் போடணும். செல்போன் நம்பர மாத்தாமலேயே கம்பெனிய மாத்தற வசதி 2011-லயே நாடு பூரா வந்துடுச்சு. பேங்குக்கு மட்டும் அது இல்ல. "தானா மாறிக்கும்" கறதுக்கு இங்க இடமே கிடையாது. அந்தப் பையனுக்கு இது தெரியாதா, தெரிஞ்சே என்னை வெளிய அனுப்பினானா, இன்னும் எனக்குப் புரியல.

இன்னொண்ணு. மினிமம் பேலன்ஸ் அபராதத்தாலயே சேமிப்புக் கணக்கு மைனஸ்ல போகக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொன்னது 2015 ஏப்ரல்ல இருந்து நடப்புல இருக்கு. அத இன்னிக்கு மேனேஜர்கிட்டக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே, "மைனஸ்ல போகலைங்களே சார், பாக்கின்னுதானே நிக்குது"ன்னாரு. பாக்கியக் கட்டாம மூட மாட்டாங்களாம். மூடலைன்னா மாசம் 708 ஏறும். ஆக 4,956-ஐ எண்ணி வச்சுட்டு வந்தேன். கையெல்லாம் நடுங்குச்சு.

இத எழுதிக்கிட்டிருக்கும்போதே ஞாபகம் வருது. பிரதமர் பேருல வருஷத்துக்கு 436 ரூபாய், 20 ரூபாய்னு ரெண்டு இன்சூரன்ஸ் இருக்குல்ல, அதுவும் இந்தக் கணக்குலதான். மே கடைசியில பிடிச்சிருக்கணும், பேலன்ஸ் இல்ல. அப்ப ஜூன்ல இருந்து எனக்கு அந்தக் காப்பீடும் இல்ல. இத இப்பத்தான் கவனிக்கறேன். கடன ஒழுங்காக் கட்டறோமான்னு பதிவு வைக்கற சிபில்ல ரெண்டு மாசத் தாமதம் ஏறியிருக்குமே, அதத் திறந்து பாக்கவே பயமா இருக்கு.

சரி, என்ன பண்ணணும்னு சொல்றேன்னேன். வேகமா சொல்றேன், தலை வலிக்குது. மொதல்ல புது கணக்குல மேண்டேட் போட்டு ஒரு டியூ போறதக் கண்ணால பாருங்க, அப்புறம் பழசத் தொடுங்க. பழைய மேண்டேட்ட எழுதிக் குடுத்து கேன்சல் பண்ணுங்க. ஆப்ல எஸ்.ஐ.பி.ய நிறுத்திட்டா மேண்டேட்டும் நின்னுடும்னு நினைக்காதீங்க, அது வேற இது வேற. பேங்க்ல இருக்கற மெயில் ஐ.டி. உங்களோடதான்னு பாருங்க. எதக் குடுத்தாலும் சீல் போட்ட நகல் இல்லாம எந்திரிக்காதீங்க, தண்ணி குடுத்தாலும் சரி. எழுத்துல புகார் குடுத்து 30 நாள்ல பதில் இல்லாட்டியோ, வந்த பதில் சரியில்லாட்டியோ, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்டப் போகலாம், காசு கிடையாது, 14448-ல கேட்டா வழி சொல்வாங்க. நான் ஜூன் 22 எழுதிக் குடுத்திருக்கேன். ஜூலை 22 வரைக்கும் பாப்பேன்.

இன்னிக்கு ஜூலை 4. கணக்கு இன்னும் மூடல. புது மேண்டேட் ஆகஸ்ட் டியூவுல இருந்துதான் ஓடுமாம். இந்த மாச டியூவ முன்னாடியே கட்டிடறேன்னு கேட்டேன். "ஃபைல் போயிருச்சுங்க, நாளைக்கு பழைய கணக்குக்குத்தான் வரும்"னுட்டாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. 2021 ஆகஸ்ட்ல இருந்து நேச்சுக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. கிளைக்கு மட்டும் லீவு. அதனால நான் மூடத் துடிக்கற அதே கணக்குல, 4,270 போட்டா இடையில எதையாவது பிடிச்சிடுவாங்களோன்னு பயந்து 5,000 கட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு டியூ போயிட்டா திங்கக்கிழமை வண்டி மேண்டேட்ட கேன்சல் பண்ண மறுபடி அரை நாள் லீவு.

அம்மா காலையில இருந்து வாசப்பக்கம் போகல. கோலம் நான்தான் போட்டேன், அது கோலம் மாதிரியே இல்ல.