சிங்திங்: வீட்டுக் கோப்புகள் வீட்டுக்குள்ளேயே

எங்கள் வீட்டில் மூன்று கைபேசிகளும் இரண்டு மடிக்கணினிகளும் இருக்கின்றன. அம்மா எடுத்த படத்தைக் கணினியில் பார்க்க வேண்டுமானால், அவர் அதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப, நான் தரம் குறைந்த நகலைத் தரவிறக்கிச் சேமிப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒரே மேசையின் மேல் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே ஒரு படம் போய்ச் சேர, எங்கோ இருக்கும் சேவையகம் வரை சென்று திரும்ப வேண்டியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்று வழி தேடியபோது கிடைத்ததுதான், கருவிகளில் உள்ள கோப்புறைகளை நேரடியாக ஒத்திசைத்து ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்திங் என்னும் மென்பொருள். ஒன்றரை ஆண்டு நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

யாகோப் போர்க் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளின் முதல் பதிப்பு 2013 டிசம்பரில் வெளிவந்தது. இதற்குக் கட்டணம் கிடையாது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. உங்கள் கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் மையச் சேவையகமும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதிகள் கொண்ட ஓர் அடையாளக் குறியீடு கிடைக்கிறது. ஒரு கருவியின் குறியீட்டை மற்றொன்றில் சேர்த்து, இரு பக்கமும் ஒப்புதல் தந்தால்தான் அவை பேசிக்கொள்ளும். பெரிய கோப்பு ஒன்றில் சிறு பகுதி மட்டும் மாறினால், கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும். வழியில் செல்லும் தரவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

நிறுவுவது எளிது, கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளச் செய்வதில்தான் எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று. வீட்டுக்குள் மட்டும் இயங்கினால் போதும் என்று எண்ணி, இணையம் வழியே கருவிகளைத் தேடும் உலகளாவிய கண்டறிதலையும், நேரடி இணைப்பு இயலாதபோது தரவைக் கடத்தும் இடைநிலைச் சேவையகங்களையும் அமைப்புகளில் அணைத்துவிட்டேன். அதன்பின் அம்மாவின் கைபேசி மட்டும் இணையவே இல்லை. தீச்சுவர் (ஃபயர்வால்) அமைப்புகளை எல்லாம் ஆராய்ந்து ஓய்ந்த பிறகு, அந்தக் கைபேசி விருந்தினருக்கான வைஃபையில் இணைந்திருந்ததைக் கவனித்தேன். விருந்தினர் வலையமைப்பில் உள்ள கருவிகளைப் பிற கருவிகளிடமிருந்து ரௌட்டர் பிரித்துவைப்பதே வழக்கம். வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் சில நொடிகளில் இணைப்பு வந்துவிட்டது.

இந்த மென்பொருளைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இது ஒத்திசைவுக் கருவி, காப்புப் பிரதிக் கருவி அன்று. அந்த வேறுபாட்டை நான் ஏட்டளவில் அறிந்திருந்தும், அமைப்பில் கவனிக்கத் தவறினேன். கைபேசியில் இடமில்லை என்பதால் அம்மா படங்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலிசெய்தார். கணினியில் எல்லாம் இருக்கிறது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அன்று மாலைக்குள் கணினியிலிருந்தும் அவை நீங்கிவிட்டன. வெளிவட்டில் பதினொரு நாள்களுக்கு முன் எடுத்த நகல் இருந்ததால் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. இடைப்பட்ட பதினொரு நாள்களின் படங்கள் கிடைக்கவில்லை. மென்பொருள் தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்தது; அழித்தலும் ஒரு மாற்றம்தான், அதையும் அது அப்படியே கொண்டுசேர்த்தது.

கைபேசியின் கோப்புறையை 'சென்ட் ஒன்லி' (அனுப்ப மட்டும்) என்றும் கணினியில் உள்ளதை 'ரிசீவ் ஒன்லி' (பெற மட்டும்) என்றும் அமைத்தால் இது நேராது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணினியில் தவறுதலாகச் செய்யும் மாற்றம் கைபேசிக்குப் போகாமல் அது தடுக்குமே தவிர, கைபேசியில் அழித்தது கணினியிலும் அழிவதைத் தடுக்காது. அதற்கான வழி, கோப்புறை அமைப்பில் உள்ள 'ஃபைல் வெர்ஷனிங்' என்னும் வசதி. அந்த வசதியை, கோப்புகளைப் பெறும் கருவியில் இயக்கவேண்டும் என்பது முக்கியம். ஏனெனில் மற்றொரு கருவியிலிருந்து வரும் மாற்றத்தால் நீக்கப்படும் கோப்புகளைத்தான் அது எடுத்துவைக்கும், அதே கருவியில் நீங்களே அழித்தவற்றை அன்று. இப்போது எங்கள் கணினியில் 'ட்ராஷ் கேன்' வகையைத் தேர்ந்திருக்கிறேன். அம்மா அழிக்கும் படங்கள் மறைந்த ஒரு துணைக் கோப்புறையில் போய்ச் சேர்கின்றன. வேண்டியதைத் திரும்ப எடுக்க இரண்டு சொடுக்குகள் போதும். வெளிவட்டில் நகலெடுக்கும் பழக்கத்தையும் விடவில்லை.

எனக்குப் பெரிதும் உதவிய மற்றொரு பயன், குடும்பத்தின் கடவுச்சொல் கோப்பு. கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்னும் மென்பொருளின் ஒரே கோப்பு எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது. இருவர் ஒரே சமயத்தில் அதை மாற்றிவிட்டால், சிங்திங் ஒருவருடையதை அழிக்காமல், பெயரில் நாளும் நேரமும் சேர்த்துத் தனி முரண்பாட்டுக் கோப்பாக வைத்துவிடுகிறது. கீபாஸ்எக்ஸ்சியின் தரவுத்தளப் பட்டியலில் உள்ள இணைக்கும் வசதியைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். இதுவரை இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பதிவுகூட இழக்கவில்லை.

குறைகளும் உண்டு. இரு கருவிகளும் ஒரே நேரத்தில் இயக்கத்தில் இருந்தால்தான் கோப்பு நகரும். ஆகவே பயன்பாட்டில் இல்லாத பழைய மடிக்கணினி ஒன்றை, மூடி சாத்தினாலும் உறங்காதபடி அமைத்து, அலமாரியில் எந்நேரமும் ஓடவிட்டிருக்கிறேன். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலியின் வளர்ச்சி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது 'சிங்திங் ஃபோர்க்' என்னும் கிளைச் செயலியைத்தான் நாட வேண்டும். அதில் வைஃபை இருக்கும்போதும் மின்னேற்றத்தின்போதும் மட்டுமே இயங்கு என்று கட்டளையிட முடிவதால், மின்கலம் தீர்வது பற்றிய கவலை குறைகிறது. ஐபோனில் பின்னணி இயக்கத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே இதே சீரான அனுபவத்தை எதிர்பார்க்க இயலாது. எப்போதாவது ஒரு கோப்பை அனுப்புவதே உங்கள் தேவை என்றால், சிங்திங் வேண்டாம். அதே வைஃபையில் இயங்கும் லோக்கல்சென்ட் என்னும் செயலி போதும்.

இவ்வளவையும் ஏற்று, என் தயக்கமற்ற பரிந்துரை சிங்திங்குக்கே. ஆனால் வீட்டில் ஒருவராவது அதைக் கண்காணிக்க முன்வர வேண்டும். நான் ஒவ்வொரு ஞாயிறும் பழைய மடிக்கணினியின் உலாவியில் 8384 என்ற போர்ட் எண்ணில் வரும் சிங்திங்கின் முகப்பைத் திறந்து, எல்லாக் கோப்புறைகளும் பச்சை நிறத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். சென்ற வாரம் ஒன்று மட்டும் அப்படி இல்லை. அம்மாவின் கைபேசி மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பின் செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருந்தது. மின்கலச் சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு மீண்டும் விலக்களித்தேன். விடுபட்டிருந்த நான்கு நாள் படங்களும் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தன.