எண்ணை எழுத்தாக்கும் எக்செல் மேக்ரோ: நம்ம ரூபாய்க்கு ஒத்துவருமா?

தொகையை எழுத்தில் மாற்ற, தாய்லாந்து மொழிக்கு எக்செல்லிலேயே பாட்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இல்லை. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் தருவதுதான் ஸ்பெல்நம்பர் மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் ஓடும் சின்ன நிரல். ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தி, இன்சர்ட் மெனுவில் மாட்யூல் எடுத்து அந்த நிரலை ஒட்டினால் போதும். காசு கிடையாது.

அப்படியே பயன்படுத்தினால் 1,25,340 என்பது ‘ஒன் ஹண்ட்ரட் ட்வென்டி ஃபைவ் தவுசண்ட்’ என்று ஆரம்பித்து டாலரில் முடியும். டாலர், சென்ட்டை ரூபாய், பைசா என்று மாற்றுவது சுலபம். லட்சத்துக்குத்தான் லூப்பில் (எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டும் பகுதி) கை வைக்க வேண்டும்: வலது ஓரத்தில் முதல் தடவை மூன்று இலக்கம், அதன்பின் இரண்டிரண்டாக வெட்ட வேண்டும். மில்லியன், பில்லியன் இடங்களில் லட்சம், கோடி. 99 கோடியைத் தாண்டும் தொகை வருமென்றால், கோடிக்கு மேலுள்ளதை வெட்டாமல் மொத்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.

பெரிய ஆபத்து பைசாவில். மேக்ரோ மூன்றாவது தசம இலக்கத்தை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிடும். 46.70 ரூபாய்க்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 55.106. செல்லில் 55.11 என்று தெரியும். எழுத்திலோ பத்து பைசா. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் (1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18). அதனால் ரவுண்ட் ஃபங்ஷனில் இரண்டு தசமத்துக்கு முழுமைப்படுத்திய பிறகே மேக்ரோவுக்கு அனுப்புங்கள். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ போய்விடும், திரும்பத் திறந்து கணக்கிடும்போது நேம் பிழைதான் (#NAME?) வரும்.

தமிழுக்கு இதைத் திருத்திக்கொண்டு உட்காருவது வீண் வேலை. விபிஏ எடிட்டரில் (மேக்ரோ எழுதும் ஜன்னல்) தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகளாகிவிடும். சொற்களைத் தனி ஷீட்டில் வைத்து அங்கிருந்து எடுப்பதே வழி. 1 முதல் 99 வரை ஒரு பத்தி, அவற்றின் ஆயிரங்களுக்கு இன்னொன்று (மூவாயிரம், ஐயாயிரம், இருபத்தைந்தாயிரம்), நூறுகளுக்கு ஒன்பது வரி. முந்நூறு, ஐந்நூறு, தொள்ளாயிரம் எல்லாம் ஒட்டுப்போட்டு வராது. லட்சத்துக்கு முன் ‘ஒன்று’ வந்தால் ‘ஒரு’ ஆக்க மறக்க வேண்டாம்.

அடுத்து இன்னொரு எண் வந்தால் ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆகும், லட்சம் ‘லட்சத்து’. கடைசி ‘ம்’ கணினிக்கு இரண்டு குறியீடு. இரண்டையும் நீக்கி ‘த்து’ சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் ‘ஆயிரமத்து’ என்று அச்சாகும். நூறு ‘நூற்று’, கோடி ‘கோடியே’. அப்போதுதான் ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து முந்நூற்று நாற்பது’ கிடைக்கும்.

ஆங்கில பில்லுக்கு, திருத்திய பிறகு, 5-க்கு 3 தரலாம். தமிழுக்கு 1 கொடுப்பதே தாராளம். மாதம் பத்துப் பதினைந்து காசோலைதான் என்றால் பேனாவே வேகம்.