எறும்பு வளர்ப்பு: ஜெல் பெட்டியா, வாங்கிய கூட்டமா, பிடித்த ராணியா?

எறும்பு வளர்க்க நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது நீல ஜெல் நிரப்பிய பெட்டிதான். சுரங்கங்கள் பளிச்சென்று தெரியும், மேசைக்கும் அழகு. ஆனால் அதில் பெரும்பாலும் ராணி இருக்காது. புதிய முட்டை இல்லை என்பதால் இருக்கும் வேலைக்கார எறும்புகள் ஒவ்வொன்றாகச் செத்து முடியும். உணவும் நீரும் ஜெல்லே என்கிறார்கள். எறும்பின் இளம்புழுக்கள் வளரத் தேவையான புரதம் அதில் கிடைக்காது. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே சார்ல் ஜானே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எறும்புகளுக்கான செயற்கைக் கூட்டைக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு இந்த ஜெல்லை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

ராணியும் சில வேலைக்கார எறும்புகளுமாக ஒரு கூட்டத்தை வாங்கினால் மிகக் கடினமான கட்டம் முடிந்திருக்கும். ராணி கருவுற்றவள், இனம் இன்னது என்பதும் தெரியும். ஆனால் வெளியூர் இனங்களின் பகட்டில் மயங்கிவிடக் கூடாது. தப்பித்துப் பெருகினால் உள்ளூர் உயிரினங்களுக்குத்தான் கேடு. பல நாடுகளில் அவற்றை வளர்ப்பது சட்டப்படி குற்றமும்கூட.

ராணியை நாமே பிடிப்பதற்குச் செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். மழைக்குப் பிந்தைய புழுக்கமான, காற்றில்லாத நாட்களில் பல இனங்களின் ராணிகள் பறந்து இணைசேர்கின்றன. பிறகு இறக்கையைத் தாமே உதிர்த்துவிட்டுத் தரையில் இடம் தேடி அலையும். மார்புப் பகுதி பருத்து, இறக்கை இருந்த தழும்போடு தனியே ஓடுவதைப் பிடியுங்கள். சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு நீர், அதை அடைக்கப் பஞ்சு, பிறகு ராணி, குழாயின் வாயில் மீண்டும் பஞ்சு. இருட்டில் வைத்துவிடுங்கள். கட்டெறும்பு, விதை சேர்க்கும் மெஸ்ஸர், தோட்டங்களில் வாழும் லேசியஸ் போன்றவற்றின் ராணிக்கு முதல் வேலைக்காரர்கள் வரும்வரை உணவே வேண்டாம்; பறக்கப் பயன்பட்ட தசைகளைக் கரைத்தே குஞ்சுகளை வளர்த்துவிடும். மிர்மிகா போன்ற சில இனங்களின் ராணி இரை தேடும் வகை. அதற்கு மட்டும் ஊட்ட வேண்டும்.

தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. கலவரப்பட்ட ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும். லேசியஸ் நைகர் என்ற கறுப்புத் தோட்ட எறும்பில் முதல் வேலைக்காரர்கள் வரவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகலாம். பிடித்த ராணி இணைசேராததாக இருந்துவிட்டால் அத்தனை காத்திருப்பும் வீண். அதனால் இரண்டு மூன்று ராணிகளைத் தனித்தனிக் குழாய்களில் வைப்பது நல்லது.

என் வாக்கு உள்ளூரில் பிடித்த ராணிக்கே. காத்திருக்கவே முடியாதவர்கள் உள்ளூர் இனத்தின் சிறு கூட்டத்தை வாங்கலாம்.

எந்த வழியில் தொடங்கினாலும் உடனே பெரிய அக்ரிலிக் கூட்டுக்கு மாற்றாதீர்கள். காலி அறைகளில் எறும்புகள் குப்பை கொட்டி, பூஞ்சை பிடிக்க வைத்துவிடும். முப்பது நாற்பது வேலைக்காரர்கள் சேரும்வரை குழாயே போதும். அதன் வாயை ஒரு சிறு பெட்டிக்குள் திறந்துவிட்டு, பெட்டியின் மேல்விளிம்பில் ஆல்கஹாலில் கரைத்த டால்கம் பவுடரைப் பூசி உலரவிட்டால் ஏறி வெளியேறுவது கடினம். சர்க்கரை நீர் ஒரு துளி, கொன்ற சிறு பூச்சி ஒன்று. மீதியை மறுநாளே எடுத்துவிட வேண்டும்.