ஆண்கள் உடை பற்றி எழுத: சொந்தத் தளமா, இன்ஸ்டாகிராமா, மின்மடலா?

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "அண்ணா, ஆண்கள் டிரெஸ், ஸ்டைல் பத்தி எழுதலாம்னு இருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?" ஐந்து வருடமாக ஒரு சின்னத் தளத்தைத் தனியாளாக நடத்திக்கொண்டிருப்பதால் வரும் கேள்வி. என் பதில் சொந்தத் தளம். நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள். 2019இல் இன்ஸ்டாகிராமில் ஆரம்பித்தேன், அடுத்த வருடம் தளம், மின்மடல் (மின்னஞ்சலில் வாசகருக்கு அனுப்பும் கடிதம்) எட்டு மாதமாக. மூன்றும் இன்னும் ஓடுகின்றன. ஆனால் நேரம் போவது ஒன்றில்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். இன்ஸ்டாகிராமுக்குக் காசு வேண்டாம், ஆள் சீக்கிரம் சேரும், துணிக்கடைக்காரர்கள் முதலில் கேட்பதும் அந்த எண்ணிக்கையைத்தான். தளத்துக்கு டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) என்று வருடா வருடம் கைக்காசு போகும். முதல் வருடம் படிக்க வருவது நண்பர்களும் தங்கச்சியும்தான். மின்மடல் நேராக வாசகர் பெட்டிக்குப் போய்விடும், நடுவில் எந்த அல்காரிதமும் இல்லை.

என்னைத் தளத்தின் பக்கம் தள்ளியது வேறு விஷயம். பழைய கட்டுரையை என்ன செய்ய முடியும் என்பது.

உடை பற்றி எழுதியதை எழுதிய அன்றைக்கே படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். தேவை வரும்போதுதான் தேடுவார்கள். ஊரடங்கில் வெளியே போக வழியில்லாமல், 2021 ஜூனில், முகூர்த்தத்துக்கு எட்டு முழ வேட்டி கட்டுவது எப்படி, இடுப்பில் நிற்க என்ன செய்வது என்று ஒரு கட்டுரை எழுதினேன். அந்த மாதம் அதை யாரும் சீண்டவில்லை. அடுத்த தையில்தான் கூட்டம் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் ஆவணியிலும் அதுதான் முதலிடம். மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் காலை நாலரை மணிக்கு மண்டபத்து அறையிலிருந்து அதைப் படிக்கிறான் என்றால், அவனுக்கு அது இன்றைக்கு எழுதியது போல இருக்க வேண்டும்.

ஒரு சட்டைக் கதை சொல்கிறேன். ஒரு பிராண்டு (பெயர் வேண்டாம்) வெள்ளைச் சட்டை ஒன்றை அனுப்பியது. துணி நன்றாக இருந்தது, தையல் நெருக்கம், பொத்தானுக்கு அடியில் நூல் சுற்றியிருந்தது. தளத்தில் எழுதினேன், ஒரு ரீலும் போட்டேன். நான்காவது துவைப்பில் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. காலருக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டும் உள்துணியை ஃபியூசிங் என்பார்கள். ஒட்டு சரியில்லையென்றால் தண்ணீர் பட்டுப் பட்டு அது விட்டுக்கொள்ளும், மேல்துணி பொங்கி நிற்கும். இஸ்திரி போட்டால் இன்னும் மோசம். எங்கள் தெரு டெய்லர் அண்ணன் காலரை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் பிரிச்சு மாத்தலாம். ஆனா அந்தக் கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புதுச் சட்டை தைச்சுக்கலாம்" என்றார்.

தளத்தில் அன்றிரவே கட்டுரையின் தலைமாட்டில் நாலு வரி சேர்த்தேன், கொப்புளக் காலரின் படத்தோடு. இன்றைக்கும் அதைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ரீலில்? கேப்ஷனைத் திருத்தலாம். ஆனால் வீடியோவில் நான் சிரித்துக்கொண்டு "காலர் சும்மா கச்சிதமா நிக்குது பாருங்க" என்று பேசியதை மாற்ற வழியில்லை. வைத்திரு, இல்லை அழி, இரண்டே வாய்ப்பு. அழித்தேன், என் ரீல்களிலேயே அதிகம் பேர் பார்த்த ரீல் அது. கேப்ஷனைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். ரீல் பார்ப்பவர்களில் எத்தனை பேர் கேப்ஷனைத் தட்டி விரித்துப் படிக்கிறார்கள்? மின்மடல் இன்னும் கறார். போன கடிதம் போனதுதான், பிழைக்கு இன்னொரு கடிதம்தான் மருந்து.

இப்போது இன்ஸ்டாகிராம் பதிவுகளும் கூகுள் தேடலில் வருகின்றனவே என்று கேட்கலாம். 2025 ஜூலையிலிருந்து தொழில்முறைக் கணக்குகளுக்கு அது உண்மைதான். வந்து சேர்பவருக்குக் கிடைப்பது அன்றைக்குப் பேசிய அதே பேச்சு, அவ்வளவுதான்.

பராமரிப்பு சும்மா வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளில் ஆடித் தள்ளுபடி என்றால் எனக்கு ஆடி என்பது ஒட்டடை அடிக்கும் மாதம். முகூர்த்தம் இல்லை, வாசகர் வரத்தும் குறைவு. 140 கட்டுரைகளையும் ஒன்றொன்றாகத் திறந்து, செத்த இணைப்பு, மூடிய கடை, மாறிய விலை எல்லாம் பார்ப்பேன். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியபோது ஆடி வரை காத்திருக்க முடியவில்லை. அதுவரை ஆயிரம் ரூபாய் வரையான உடைக்கு 5 சதவீதம், மேலே போனால் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, அதைத் தாண்டினால் 18. நடுத்தர விலைச் சட்டைக்கு வரி குறைந்தது, நல்ல லினன் சட்டைக்கும் பிளேசருக்கும் ஏறியது. "பட்ஜெட்டில் அலுவலக உடை" என்ற தலைப்பில் நான் எழுதியிருந்த கணக்கு முழுக்கத் தப்பாகிப் போனது. தீபாவளி நெருக்கத்தில் மூன்று ராத்திரி உட்கார்ந்து 22 கட்டுரைகளைத் திருத்தினேன். அலுப்பான வேலைதான், ஆனால் செய்ய முடிந்த வேலை. இதே கணக்கைச் சொன்ன ரீல்கள் எனக்கு ஒன்பது இருந்தன. அவற்றைத் தொடவே இல்லை.

சொந்தத் தளத்தில் அடி வாங்கியதும் உண்டு. 2022இல் நான் இடம் வாங்கியிருந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் படுத்துக்கொண்டது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அதுவும் அதே சர்வரில்தான் இருந்ததாம். எழுத்து மீண்டது, சட்டைகளைத் துவைப்பதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து எடுத்த படங்கள் அறுபதுக்கு மேல் போய்விட்டன. துவைக்கும் முன் 42 அங்குலம் இருந்த மார்பளவு பிறகு நாற்பத்தொன்றேகால் ஆனதை இப்போது வார்த்தையில்தான் சொல்ல முடிகிறது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி. தேடலை நம்பிப் பிழைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2023 செப்டம்பரில் கூகுள் செய்த மாற்றத்தில் தனியாட்கள் நடத்திய ஆங்கிலத் தளங்கள் நிறைய சரிந்தன. இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ பதில் சொல்லிவிடுகிறது. என் தளத்தில் இதுவரை சின்னச் சரிவுதான், இதை வைத்து யாருக்கும் உத்தரவாதம் தர மாட்டேன்.

காசு விஷயம் சுருக்கமாக. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018இலேயே தமிழை ஏற்றுக்கொண்டது. அதில் வருவது செலவு போக வருடத்துக்கு ஒரு நல்ல லினன் சட்டைக்குத் தேறும். இன்ஸ்டாகிராமில் பிராண்டுகள் தருவது நிச்சயம் அதிகம். ஆனால் இலவசமாக வரும் பொருளை வைத்துக்கொண்டால் அதுவும் வரிக் கணக்கில் வரும். ஒரே நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), 2022 ஜூலை முதல் இதுதான் சட்டம். விளம்பரம் என்று தெளிவாகப் போடவும் வேண்டும்.

மின்மடலில் சந்தா வாங்கலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது. மின்மடல் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அது பரவாயில்லை. பணம் வருவது ஸ்ட்ரைப் என்ற பணம் வாங்கித் தரும் சேவை வழியாக மட்டும்தான், இந்தியாவில் அந்தக் கணக்கு அழைப்பு இருந்தால்தான் கிடைக்கிறது. அதனால் என் மடல் இலவசம், 600 பேர் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் உடை, ஸ்டைல் பற்றிய பிளாக்பேர்டு ஸ்பைபிளேன் மின்மடலாகவே பிறந்து நன்றாக ஓடுகிறது. ஆண்கள் உடை பற்றி எழுதும் லண்டனின் பர்மனன்ட் ஸ்டைல் 2007இலிருந்து சொந்தத் தளத்தில் நிற்கிறது, பல வருடம் பழைய கட்டுரைக்குக் கீழேகூட இன்றைக்கு ஒருவர் கேள்வி கேட்க, ஆசிரியரே வந்து பதில் சொல்வார். என் ஆசை அந்த இரண்டாவது மாதிரி. எட்டு மாத அனுபவத்தை வைத்து மின்மடலை மட்டம் தட்ட மாட்டேன். யூடியூபில் நான் போட்டதே இரண்டு வீடியோ, அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

பேசுவது உங்களுக்கு நன்றாக வரும், வெள்ளிக்கிழமை ரிலீஸ் போல அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் விருப்பம் என்றால், தாராளமாக இன்ஸ்டாகிராம் போங்கள். துவைத்துப் பார்த்து, அளந்து பார்த்து, ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்து திருத்துகிற ஆள் என்றால் ஒரு டொமைன் வாங்கிவிடுங்கள். ஹோஸ்டிங் எடுக்கும்போது பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த ஆடிக்கு எனக்கு இன்னும் 38 கட்டுரை பாக்கி. அடுத்தது அந்த வேட்டிக் கட்டுரை. வெல்க்ரோ வேட்டி எத்தனை துவைப்பு தாங்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பத்தொன்பதாவது துவைப்பு இப்போதுதான் கொடியில் காய்கிறது.