பழைய நிசான் 1400-இன் ஐடிலிங் கோளாறும் சாட்ஸ்வொர்த் பட்டறை ஒன்றும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டியைப் பொறுமையாகப் பார்க்கும் பட்டறைகள் அருகிவிட்டன. ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்க வழியில்லாத வண்டி வந்து நின்றால், பிளக், வயர், காயில் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் ஹிகின்சன் நெடுஞ்சாலைக்கு அருகே ஒரு தந்தையும் மகனும் நடத்தும் சிறிய பட்டறை அந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்பதால் இதை எழுதுகிறேன்.

என்னுடையது நிசான் 1400 பக்கி. பிரிட்டோரியாவை அடுத்த ரோஸ்லின் ஆலையில் 2008 வரை தயாரான இந்தச் சிறு சரக்கு வண்டியை இந்நாட்டில் அறியாதவர் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி டர்பனுக்குக் கொண்டுவந்தேன். ரோபோட் எனப்படும் போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது எஞ்சின் உதறும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுப் பிறகு துள்ளிக் கிளம்பும். வேறொரு பட்டறையில் பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றிப் பணம் வாங்கினார்கள். உதறல் இம்மியும் குறையவில்லை.

சாட்ஸ்வொர்த் பட்டறையில் மகன் முதலில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்யூம் கேஜை இணைத்தார். கடல்மட்டத்திலுள்ள ஊரில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது, முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். என் வண்டியில் அது 14-ஐ ஒட்டி நின்றது. வால்வு எரிந்திருந்தால் முள் சீரான இடைவெளியில் விழுந்து விழுந்து எழும் என்றும், அப்படி இல்லாததால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை என்றும் விளக்கினார். பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது நான்கு சிலிண்டரிலும் எஞ்சின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆகவே கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து காற்றுக் கசிவைத் தேடினார். இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால், தீப்பிடிக்கும் ஸ்பிரேயை அங்கே அடிப்பது ஆபத்து. அவர் தண்ணீரைத்தான் தெளித்தார். கார்புரேட்டரின் அடி கேஸ்கெட்டில் நீர் பட்டதும் உதறல் சில நொடிகள் அடங்கி மறுபடி தொடங்கியது. காற்று கசியும் இடம் தெரிந்துவிட்டது. பிறகு எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டரோடு இணைந்த திராட்டிலை இழுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். பீய்ச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழிந்தது. மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் தேய்ந்திருந்தால் மிதித்த கணத்தில் எஞ்சின் திணறாமல் வேறென்ன செய்யும்?

தந்தை சொன்னதுதான் எனக்குப் புதிய செய்தி. ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிது. அதற்கேற்ப, பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் போட்டு, கலவையில் பெட்ரோலையும் குறைத்து வைத்திருப்பார்கள். அடர்ந்த காற்றுள்ள கடற்கரைக்கு அதே வண்டி இறங்கி வரும்போது பெட்ரோல் போதாமல் போகிறது. பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கையும் அங்கே முன்தள்ளி வைத்திருப்பார்கள் என்பதால், ஜெட்டை மாற்றியதோடு ஸ்ட்ரோப் விளக்கு வைத்து அதையும் சரிசெய்தார்கள். இப்போது முள் 19-இல் நிற்கிறது. வண்டி ஏற்றத்திலும் தயங்காமல் இழுக்கிறது.

கூலி நியாயமானது, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலே பையில் போட்டுத் தந்தார்கள். ஆனால் வேலையில் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஜெட் வந்து சேரும்வரை வண்டி அங்கேயே கிடந்தது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தாமாக ஒரு முறைகூடத் தொலைபேசியில் சொல்லவில்லை. ரசீதையும் நான் கேட்ட பிறகே, கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றாடம் வண்டியை நம்பித் தொழில் செய்பவருக்கு இது சிறிய குறையல்ல. கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டிகளை அவர்கள் தொடுவதும் இல்லை.

போகிறவர்கள் முந்தைய மாலையே வண்டியை விட்டுவிட்டு வருவது நல்லது. ஆறிய எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் சரியாக வேலை செய்கிறதா என்பதை எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் பார்க்க முடியும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அது ஆறும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.