டுபிலுமாப் ஊசியுடன் இரண்டரை ஆண்டுகள்: தோல் தேறியது, கண் தேறவில்லை

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசியைத்தான் என் மகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போடலாமா?" என்றார். பதினைந்து வயதுப் பெண். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான், அதாவது எக்சிமா என்னும் அரிப்புத் தோல் நோய். அரை மணி நேரம் பேசினேன். பேசிய நேரம் முழுவதும் இடது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சொன்னது எனக்கே நிறைவாக இல்லாததால் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு முதல் நாள் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 300 என்பதெல்லாம் இந்த ஊசியை விசாரிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இதுவரை அறுபதுக்கும் மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன், தொடையிலும் வயிற்றிலும் மாற்றி மாற்றி.

எனக்குக் கரப்பான் வந்தது மூன்று வயதில். பாட்டி கத்தரிக்காயையும் கருவாட்டையும் 'கரப்பான் பண்டம்' என்று சொல்லித் தட்டிலிருந்து எடுத்துவிடுவார். பள்ளி முடியும்வரை கத்தரிக்காய் ருசி எனக்குத் தெரியாது. வளர்ந்த பிறகு செட்ரிசின் மாத்திரை. வருடக்கணக்கில் விழுங்கினேன். தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. தூக்கத்திலேயே சொறிந்து, விடிந்ததும் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகளை எண்ணியிருக்கிறேன். மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. நான் ஒழுங்காக மருந்து சாப்பிடுவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை.

விளக்கம் இருக்கிறது. அந்த மாத்திரை, ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மட்டும்தான் தடுக்கும். கரப்பான் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சிறிது. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன் என்னும் புரதங்களில் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரண்டுதான் இங்கே முக்கியமானவை. எதிர்ப்புரதம் செய்யும் பி அணுக்களை, ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரத உற்பத்திக்குத் திருப்பிவிடுபவை இவை. தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தைக் குறையவைத்து, தூசும் கிருமியும் நுழைய வழி திறந்துவிடுபவையும் இவையே. 2017இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: இவ்விரண்டும் தோலின் உணர்வு நரம்புகளோடு நேரடியாகவே பேசுகின்றன, சிறு தூண்டலுக்கும் நரம்பு அரிப்பாகத் துள்ளும்படி செய்கின்றன. அதைப் படித்த இரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருடம் நான் பொய் சொல்லவில்லை என்று யாரோ சாட்சி சொன்னதுபோல இருந்தது.

டுபிலுமாப் அந்த இரண்டு புரதங்களையும் பிடிப்பதில்லை. இரண்டும் வந்து அமரும் ஏற்பியில் பொதுவான ஒரு பகுதி இருக்கிறது. அதில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. சேதி வருகிறது, கேட்கும் காது அடைபட்டிருக்கிறது.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, மனைவி படுக்கை விரிப்பை உதறப் போனவர் அப்படியே நின்றார். "இங்கே வந்து பாருங்கள்" என்றார். வெள்ளை விரிப்பு வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை. அன்று துவைக்கவேண்டிய தேவை இல்லாத அந்த விரிப்பை அவர் மடித்து வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நான்காவது மாதம் கறுப்புச் சட்டை வாங்கினேன். தோளில் செதில் உதிரும் என்ற பயத்தில் அதுவரை நான் வாங்காத நிறம்.

எல்லோருக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். 2016இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், 16 வாரங்களில் தோல் முழுவதுமாகவோ ஏறக்குறையவோ தெளிந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 36 முதல் 38 சதவீதம்தான். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 8 முதல் 10 சதவீதம். மீதிப் பேரில் பலருக்குக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்.

செலவு வீட்டு வாடகையைத் தாண்டுகிறது. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், போடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும். சில்லென்று போட்டால் நெருப்பாய் எரியும். 25 டிகிரிக்கு மிகாமல் 14 நாள் வெளியே இருக்கலாம் என்கிறது உள்ளே இருக்கும் தாள். சித்திரை மாதச் சென்னையில் அப்படி ஓர் அறை எங்கள் வீட்டில் கிடையாது. மின்சாரம் போகும் இரவுகளில் பாதி உறக்கம்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கண்.

மூன்றாவது மாதம் தொடங்கியது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றித்தான் பிரிக்கவேண்டும். பிறகு நாள் முழுக்க மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தல். வெள்ளை விழி சிவந்து, இமை ஓரம் தடித்துப் போகும். அலுவலகத்தில் "மெட்ராஸ் ஐ" என்று முடிவுகட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். லிஃப்டில் என்னைக் கண்டு ஒதுங்கினார்கள். தோலுக்காக ஒதுக்கப்பட்டவன், தோல் தேறியதும் கண்ணுக்காக ஒதுக்கப்பட்டேன். முதலில் பார்த்த மருத்துவரும் தொற்று என்றே நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்தார். ஐந்து வாரம் வீணாயிற்று. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஊசியை எழுதியவரும் கண்ணைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசியோடு வரும் தாளிலேயே இருக்கிறது: கரப்பான் நோயாளிகளின் சோதனைகளில் ஊசியை மட்டும் போட்டவர்களில் 100க்கு 10 பேருக்கு விழி வெண்படல அழற்சி, மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 2 பேருக்கு. பத்தில் ஒருவர் என்பது சொல்லாமல் விடக்கூடிய எண்ணிக்கையா?

ஏன் கண் என்று தேடியபோது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. முதல் ஊசிக்கு முன்னால் எனக்குப் பூச்சி மாத்திரை கொடுத்திருந்தார்கள். காரணம் அப்போது புரியவில்லை. இன்டர்லூகின்-13 நம் உடலில் இருப்பது கரப்பானை வளர்க்க அல்ல. குடலில் புழு சேர்ந்தால், அங்குள்ள கோப்பை வடிவ அணுக்களைப் பெருக்கிக் கோழையைச் சுரக்கவைத்து, புழுவை வழுக்கி வெளியேற்றுவது அதன் வேலை. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயில் அதே கோழைதான் அடைக்கிறது. அதே வகை அணுக்கள் கண்ணின் வெண்படலத்திலும் இருக்கின்றன. கண்ணீர் விழிமேல் ஒட்டிப் பரவி நிற்பது அவை சுரக்கும் மியூசினால்தான். இந்த ஊசியால் கண் சிவந்த சிலரின் வெண்படலத்தைச் சோதித்தபோது அந்த அணுக்கள் குறைந்திருந்தன. இன்டர்லூகின்-13ஐ மட்டும் தடுக்கும் டிராலோகினுமாப், லெப்ரிகிசுமாப் ஊசிகளிலும் கண் தொல்லை வருகிறது. ஆனால் ஆஸ்துமாவுக்கு இதே டுபிலுமாப் போட்டவர்களின் சோதனைகளில் கண் தொல்லை அப்படி அதிகரிக்கவில்லை. கரப்பான்காரரின் கண் ஏற்கெனவே நொந்துபோனது போலும்.

என் தோலைக் கெடுத்த புரதம் என் கண்ணைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. தோலில் மட்டும் அதன் வாயை அடைத்துக் கண்ணில் விட்டுவைக்க இந்த ஊசிக்குத் தெரியாது. உடம்பு முழுக்க ஒரே பூட்டு.

இப்போது பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் நாளுக்கு ஆறு முறை, இமை ஓரத்தில் இரவில் அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு. மோசமான வாரங்களில் ஸ்டீராய்டு சொட்டு. அப்போதெல்லாம் கண் அழுத்தம் பார்க்கப் போகவேண்டும். குறைந்திருக்கிறது. போகவில்லை.

மதிப்பெண் கேட்டால் இன்று பத்துக்கு ஐந்துதான் தருவேன். மேலே எழுதிய விரிப்பையும் கறுப்புச் சட்டையையும் படித்துவிட்டு ஐந்தா என்று கேட்பீர்கள். வலிப்பது இன்றைய கண், அதனால் ஐந்து. நிறுத்துவாயா என்றால் மாட்டேன். செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசி.

தம்பிக்கு மறுபடி அழைத்துச் சொன்னேன்: முடிவை மகளின் மருத்துவரோடு பேசி எடுங்கள், ஆனால் முதல் ஊசிக்கு முன்னால் ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த ஊசியின் பெயரைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அவள் கேட்கச் சொன்னாள் அண்ணா, இனிமேல் அரைக்கைச் சட்டை போட முடியுமா என்று" என்றார். போட முடியலாம் என்றேன்.