விற்காமல் மிஞ்சியவை: இருண்ட கதைகளோடு எட்டு ஆண்டுகள்

2017 தீபாவளி போனஸில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல் வாங்கினேன். அதன் பிறகு, கதையை மையமாகக் கொண்ட கேம்களில் ஏறத்தாழ நாற்பதை விளையாடி முடித்திருக்கிறேன். அவற்றில் இன்று என் அலமாரியில் இருப்பவை பதினொன்றுதான். நான் வேலை பார்ப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் எடைப்பாலத்தில். அந்தச் சம்பளத்தில் வாங்கிய டிஸ்க்கையெல்லாம் சேர்த்து வைக்க முடியாது. ஆகவே முடித்த கேமை ஆறு மாதம் வைத்திருப்பேன். அதற்குள் அதன் கதை ஒருமுறையாவது தானாக நினைவுக்கு வராவிட்டால், ஈப்போவுக்குப் போகும்போது கடையில் கொடுத்து வேறொன்றை எடுத்துக்கொள்வேன். மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கும் இதே விதிதான் என்றாலும், புத்தகத்தைக் கொடுக்க எனக்குக் கை வராது என்பதால் அங்கே விதி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.

இப்படிக் கொடுத்தும் வைத்தும் பழகியதில்தான் எனக்கு எது பிடிக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது. தொடக்கத்தில், இருண்ட கதை என்றால் ரத்தமும் சாவும் மலிந்த கதை என்று நினைத்து, அட்டைப்படத்தைப் பார்த்தே வாங்கினேன். அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. மிஞ்சியவற்றைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே கடனையும் உழைப்பையும் பற்றியவை. ஒருவன் செய்த தீங்கு, அவன் அதை மறந்த பிறகு, ஏதோ ஒரு சாதாரண வேலை நாளில் அவனைத் தேடிக்கொண்டு வருகிற கதைகள். சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. இன்னும் விளையாடாதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

முதலில் சொல்ல வேண்டியது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அது வெளிவந்தது 2018 அக்டோபரில். நான் விலை இறங்கும் வரை காத்திருந்து மறு ஆண்டு வாங்கினேன். கதை 1899-ஆம் ஆண்டின் அமெரிக்காவில் நடக்கிறது. கொள்ளைக் கூட்டம் ஒன்றைச் சேர்ந்த ஆர்தர் மோர்கனாக நாம் விளையாடுகிறோம். அந்தக் கூட்டத்தில் ஸ்ட்ராஸ் என்ற ஒருவன் ஏழைகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுக்கிறான். வசூலிக்கப் போவது ஆர்தரின் வேலை. தாமஸ் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயியை அவனுடைய நிலத்திலேயே வைத்து அடிக்கும்போது, அவன் இருமுகிறான். ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அவ்வளவுதான். கேம் அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை. நான் மீன் பிடித்தேன், மான் வேட்டைக்குப் போனேன், குதிரைக்கு முத்து என்று பெயர் வைத்தேன். பல வாரங்கள் கழித்து ஆர்தர் நகரத் தெருவில் சரிந்து விழுந்து, மருத்துவர் காசநோய் என்று சொன்னபோதுதான் அந்த இருமல் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான் ஏழு வயது வரை தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். சம்பள நாளன்று பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வரிசைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வரும். வந்தவர் இறங்கவும் மாட்டார், எஞ்சினை நிறுத்தவும் மாட்டார். அம்மா என்னைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனை, கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, கண்ட்ரோலரையும் கையில் கொடுத்துவிடுகிறது இந்தக் கேம். அதனால் வட்டிக்காரர்மீது எனக்கு இரக்கம் பிறந்துவிடவில்லை. ஆனால், டௌன்ஸின் விதவையை ஆர்தர் பிற்பாடு ஒரு சுரங்க நகரத்தில் கண்டு உதவ முயலும்போது, அவள் அவனை எளிதில் மன்னித்துவிடாமல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு பல கேம்களில் கதாநாயகன் மனம் வருந்தினாலே போதும், மற்றவர்கள் வரிசையில் வந்து மன்னித்துவிட்டுப் போவார்கள்.

குறைகளும் உண்டு. முக்கியக் கதைப் பகுதிகளில் வரைந்த கோட்டைவிட்டு நான்கடி தள்ளிப் போனாலும் தோல்வி என்று அறிவித்து மறுபடி தொடங்க வைக்கிறது. இரண்டு டிஸ்க்குகளில் வரும் இந்தக் கேம் 100 ஜிகாபைட் அளவுக்கு இடத்தை விழுங்குவதால், 500 ஜிகாபைட் கொண்ட என் கன்சோலில் வேறு பலவற்றை அழிக்க வேண்டியிருந்தது. அதன் மேம்படுத்தலைத் தரவிறக்கம் செய்ய எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அப்போதிருந்த இணையத்துக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

இதற்கு நேர்மாறாக, வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். 2017-இல் வந்தது. ஒரு குடும்பத்தில் இறந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் இதில், மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதிக்காகவே நான் இதை ஐந்து முறை விளையாடியிருக்கிறேன். வலது கட்டைவிரலால் மீனை எடுத்துக் கத்திக்குக் கொடுத்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அதே நேரத்தில் இடது கட்டைவிரலால் அவன் மனத்தில் விரியும் ஒரு கற்பனை நாட்டில் நடக்க வேண்டும். முதலில் அந்த நாடு திரையின் ஓரத்தில் சிறிதாக இருக்கும்; பிறகு பெருகிப் பெருகித் தொழிற்சாலையையே மறைத்துவிடும். ஆனாலும் மீன் வந்துகொண்டேதான் இருக்கும், வலது கை நிற்காது. இரவு ஷிப்டில் லாரியை ஏற்று, எடையைப் பதி, சீட்டைக் கிழி, லாரியை இறக்கு என்று பன்னிரண்டு மணி நேரம் செய்தவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்பதை வசனத்தால் சொல்லாமல் இரண்டு கட்டைவிரல்களால் உணர வைத்திருக்கிறார்கள். லூயிஸின் முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

நியர் ஆட்டோமேட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதன் ஐந்தாவது முடிவை மட்டுமே. ஆங்கில எழுத்துகளின் வரிசையில் இருபத்தாறு முடிவுகள் கொண்ட இந்தக் கேமில், யோக்கோ தாரோ என்ற இயக்குநர் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறார். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலோடு நாம் சண்டை போட வேண்டும். தனியாக ஜெயிப்பது மிகக் கடினம். திணறும்போது, உலகின் எங்கோ இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களின் உதவி வந்து சேர்கிறது. ஜெயித்த பிறகு கேம் கேட்கிறது: உனக்கு உதவியவர்களைப் போல நீயும் முகம் தெரியாத ஒருவருக்கு உதவ விரும்பினால், இதுவரை ஆடியதைச் சேமித்து வைத்திருக்கும் உன் சேவ் கோப்புகள் முழுவதையும் அழித்துவிடச் சம்மதமா? அது ஒருமுறைக்குப் பலமுறை உறுதிப்படுத்தச் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் மகன், "மாமா, ஆளே யாருன்னு தெரியாது, எதுக்கு அழிக்கிறீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அறுபது மணி நேரத்துக்கும் மேலான ஆட்டம் ஒவ்வொரு பக்கமாகக் கண்முன் அழிந்தது. அந்த டிஸ்க்கை இனி நான் விளையாடுவேனா என்பது சந்தேகம்; விற்கவும் மாட்டேன்.

என் விதியை மீறி நான் ஒரே ஒருமுறை ஏமாந்தது தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில். 2020 ஜூனில், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்த சமயத்தில் வாங்கினேன். முதல் பாகத்தில் நாம் விளையாடிய ஜோயலைத் தொடக்கத்திலேயே அடித்துக் கொன்ற அபி என்ற பெண்ணாகவே பாதிக் கதைக்குப் பின் நாம் விளையாட வேண்டும் என்றதும், கோபத்தில் கண்ட்ரோலரை வைத்துவிட்டேன்; ஆறு மாதம்கூடக் காத்திராமல் கொடுத்தும் விட்டேன். ஆனால் அதன் பிறகு அந்தக் கதை என்னை விடவில்லை. மருத்துவரான அபியின் தந்தையைக் கொன்றது ஜோயல். முதல் பாகத்தின் முடிவில் அந்த மருத்துவரைச் சுட்டபோது துப்பாக்கியை இயக்கியவன் நான். அந்தக் கணக்கை எனக்கு நினைவூட்டியதற்காகத்தான் கோபப்பட்டேன் என்பது புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. கொடுத்த விலையைவிட முப்பது வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாகக் கொடுத்து அதே கடையில் திரும்ப வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

கன்சோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மாலை மழையோடு இடியும் சேர்ந்தே வரும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு இரண்டு முறை சேவ் கெட்டுப்போனதிலிருந்து, மேற்கே கறுத்தாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். 2021-இல் விசிறி அலறத் தொடங்கியபோது திறந்து பார்த்தால், மின்வழங்கிப் பெட்டிக்குள் கரப்பான்பூச்சிக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்தச் சூடு அவற்றுக்குப் பிடிக்குமாம். கண்ட்ரோலரின் இடது குச்சியில் இருக்கும் ரப்பர் மூடி இரண்டு ஆண்டுக்கொருமுறை உரிந்துவிடுகிறது, முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அப்பா அதைக் கையில் வாங்கி நசுக்கிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ரப்பரா?" என்றார்.

மங்காவுக்கு வருவோம். நான் அவற்றை எடைப்பாலத்தில், ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் இடையில், வலமிருந்து இடமாகப் படிக்கிறேன். அதனால் என் புத்தகங்களின் ஓரங்களில் செம்பனை எண்ணெய்க் கறை இருக்கும். இனியோ அசானோவின் குட்நைட் புன்புன் பதின்மூன்று தொகுதிகளையும் ஒரே மாதத்தில் படித்து, அடுத்த மாதம் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல படைப்புதான், வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. நாவோக்கி உரசாவாவின் மான்ஸ்டரில் ரத்தம் மிகக் குறைவு. மேயருக்குப் பதிலாக ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றிய மூளை அறுவை மருத்துவர், அந்தச் சிறுவன் கொலைகாரனாக வளர்ந்துவிட்டதை அறிந்து அவனைத் தேடி ஊர் ஊராகப் போகிறார். போகிற வழியில் அவர் சந்திக்கும் சாதாரண மனிதர்களுக்காகவே அதை மீண்டும் மீண்டும் எடுக்கிறேன்.

பெர்செர்க் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. மூன்று தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய பதிப்பு ஒன்று இருநூறு வெள்ளிக்கு மேல் போகும். கென்டாரோ மியூராவின் கோட்டோவியங்களை அந்த அளவில் பார்ப்பதற்கு அது தகும். ஆனால் அதிலுள்ள பாலியல் வன்முறை பல இடங்களில் கதைக்குத் தேவையானதைத் தாண்டிப் போகிறது என்பது என் கருத்து. அதை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை, அக்காள் மகனுக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மியூரா 2021 மே 6-இல், 54 வயதில் இறந்தார். கதையின் போக்கை அவரிடமே கேட்டறிந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், 2022 ஜூனிலிருந்து அவருடைய உதவியாளர்கள் தொடர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் கணக்கில், மியூராவின் கை பட்ட கடைசித் தொகுதியான 41-ஆம் தொகுதியோடு நிறுத்திக்கொண்டேன்.

என் அலமாரியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால், மக்கோத்தோ யூகிமுராவின் வின்லாண்ட் சாகாவைத்தான் வைத்துக்கொள்வேன். 2005-இல் தொடங்கி 2025-இல் முடிந்த தொடர். வைக்கிங் காலத்துப் பழிவாங்கும் கதையாகத் தொடங்கி, நான்கு கெட்டியட்டைப் புத்தகங்கள் முழுக்கச் சண்டையாகவே போகும். பிறகு, நாயகன் தோர்ஃபின் டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணையில் அடிமையாகிவிடுகிறான். வாள் இல்லை, பழி இல்லை. ஐனார் என்ற மற்றோர் அடிமையோடு சேர்ந்து காட்டை வெட்டி, அடிக்கட்டைகளைப் பிடுங்கி, கோதுமை விதைத்து, விளைச்சலை முதலாளிக்கு விற்றுத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்க வேண்டும். அவர்கள் பாடுபட்டு வளர்த்த நாற்றுகளைப் பண்ணையாட்கள் சிலர் பொறாமையில் நாசம் செய்யும் பக்கம், என்னைப் பொறுத்தவரை, இந்தத் தொடரின் எல்லாப் போர்க்களங்களையும்விடக் கொடுமையானது. பலர் இந்தப் பகுதி சலிப்பூட்டுகிறது என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லாததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். தாம் வேலை செய்யும் மண்ணைத் தாமே வாங்குவதற்காகப் பணம் கட்டியவர்களில் என் பாட்டியும் ஒருவர்.

அடிக்கட்டையைப் பிடுங்கும் பக்கத்தை ஒருநாள் அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பக்க வேர அறுக்காம இழுத்தா கயிறுதான் அறும்" என்றார். இரண்டு பக்கம் தள்ளி அவர்களும் வேரைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. முதல் நான்கு புத்தகங்களை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு ஐந்தாவதில் நிற்கிறான். சண்டை எப்போது வரும் என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறான். இன்னும் நிறைய மரம் வெட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.